கணக்குக் கற்ற கடைசல் யந்திரம்

கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு முதலிய பகுதிகளின் குறுக்குச் சந்துகளில் நடந்து போகிறவர்களுக்கு, ஓட்டு வீட்டின் முன்கட்டிலிருந்தும், மாடி வீட்டின் கீழ்த்தளத்திலிருந்தும், ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகையாக இருந்து இப்பொழுது தகரம் வேய்ந்த பட்டறையாக மாறிவிட்ட சார்ப்புகளிலிருந்தும், லேத் என்னும் கடைசல் யந்திரம் ஓடும் ஓசை காலை முதல் இரவு வரை கேட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பட்டறைகளின் சொந்தக்காரர்கள் டீக்கடையில் கூடும்போது, மின்கட்டணத்தையும் வாராத பாக்கியையும் பேசி முடித்த பிறகு, பெரும்பாலும் வந்து சேருகிற விஷயம் ஒன்று உண்டு: பழைய லேத்தை வைத்துக்கொண்டே காலத்தைத் தள்ளுவதா, கடன்பட்டாவது, எண்களில் எழுதிய கட்டளைப்படி கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. யந்திரம் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவதா என்பதே அது. பணக் கணக்கு என்ற அளவில் மட்டும் இதை எடுத்துக்கொண்டால் ஒரு காகிதத்தில் கூட்டிக் கழித்து விடை கண்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால், அந்த யந்திரம் யாருக்காக, எந்த வேலைக்காக, யாருடைய செலவில் பிறந்தது என்பதையும், வீடு என்ற ஒன்றையே நினையாமல் நிர்மாணிக்கப்பட்ட அது எப்படி வீட்டு வாசற்படி ஏறியது என்பதையும் அறிந்தவர்களுக்கு, அந்தக் கூட்டல் கழித்தலில் எந்தத் தொகையை எந்தப் பக்கத்தில் எழுதவேண்டும் என்பது சற்றுத் தெளிவாக விளங்கும்.

கடைசல் தொழில் ஆதியில் வீட்டுத் தொழிலே. நம் நாட்டில் ஒருவர் கயிற்றை இருபுறமும் மாறி மாறி இழுக்க, மற்றொருவர் தரையில் குந்தியபடி உளியைப் பிடித்துக் கட்டில் காலும், தொட்டில் கட்டையும், குழந்தைகளுக்குச் சொப்பும் பம்பரமும் கடைந்த காலத்தில், கயிறு இழுப்பவர் மனைவியாகவோ மகனாகவோ இருப்பதே வழக்கம். பட்டறைக்கென்று தனியிடம் தேடிப் போனவர் அபூர்வம். ஐரோப்பாவிலோ அதே தொழில் ஒருபுறம் தச்சன் குடிசையிலும் மறுபுறம் அரண்மனையிலும் நடந்தது. ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர், நார்தோவ் என்ற கைதேர்ந்த யந்திர நிபுணரைத் தம்முடன் வைத்துக்கொண்டு தந்தத்திலும் மரத்திலும் கடைசல் வேலை செய்வதில் பெரும் பிரியம் உடையவராக இருந்தார். ஒரு மாதிரியின் மேடுபள்ளங்களைத் தடவிச் சென்று அதே உருவத்தை மற்றொரு துண்டில் செதுக்கித் தரும் நகல் லேத்துகளை அந்த நார்தோவ் அமைத்தார். யந்திரத்துக்கு ஒரு வடிவத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம் என்ற ஆசை, மின்சாரமும் கம்ப்யூட்டரும் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, அரசர்களின் பொழுதுபோக்கு அறையில் முளைவிட்டிருந்தது என்பதற்கு இது சாட்சி. லண்டனில் ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பத்தார் 1795 முதல் விற்ற அலங்காரக் கடைசல் லேத்துகளும் வேலையாட்களுக்காக ஏற்பட்டவை அல்ல. கையில் பணமும் அவகாசமும் படைத்த கனவான்களுக்காக ஏற்பட்டவை.

அதே சமயத்தில், அதே லண்டனில், ஹென்றி மாட்ஸ்லே என்ற இரும்பு வேலைக்காரர் செய்த காரியந்தான் கடைசல் தொழிலின் சரித்திரத்தை இரண்டாகப் பிரித்தது. அதுவரை கடைபவனுடைய கையிலும் தோளிலும் இருந்த உளியை அவர் ஓர் இரும்பு வண்டியில் இறுகப் பொருத்தி, அந்த வண்டியை ஒரு திருகு தள்ளிக்கொண்டு போகும்படி செய்தார். திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் உளி எவ்வளவு நகரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டதனால், ஒரே அளவுள்ள மரைகளை எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டலாம் என்றாயிற்று. 1800-ஆம் ஆண்டையொட்டி அவர் அமைத்த அந்த லேத் லண்டன் விஞ்ஞானக் கண்காட்சிசாலையில் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள், நம் சந்துப் பட்டறைகளில் உள்ள லேத்துகளுக்கு அதுவே பாட்டன் என்பதை ஒரு நோக்கிலேயே கண்டுகொள்வார்கள். உளி கையைவிட்டுப் போனாலும் தொழிலாளியின் திறமை போய்விடவில்லை. அது உளி பிடிப்பதிலிருந்து சக்கரம் சுற்றுவதற்கும், கண்ணால் அளப்பதிலிருந்து மைக்ரோமீட்டரைக் காதருகே கொண்டுபோய்த் திருகும் பழக்கத்துக்கும் இடம் மாறிற்று.

மேல்நாட்டில் வீட்டுப் பட்டறை என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு ஒரு வர்க்கத்தின் உடைமையாயிற்று. 1898-இல் பெர்ஸிவல் மார்ஷல் என்பவர் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ பத்திரிகையைப் படித்து, பகலில் ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் உத்தியோகம் பார்த்துவிட்டு மாலையில் தோட்டத்துக் கொட்டகைக்குள் புகுந்து சிறிய நீராவி யந்திரங்கள் செய்த இங்கிலாந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்கென்றே நாட்டிங்காம் அருகில் உள்ள பீஸ்டனில் மைஃபோர்டு கம்பெனியார் 1946-இல் வெளியிட்ட எம்.எல்.7 என்ற லேத், பல ஆண்டுகள் அந்த ஜனங்களின் கனவுப் பொருளாக விளங்கிற்று. இவர்களுக்கும் நம் ஆவாரம்பாளையத்தாருக்கும் ஒரு பேதம் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுவது பின்னால் பிரயோஜனப்படும்: அவர்கள் காலத்தைப் போக்குவதற்காக லேத் வாங்கியவர்கள், நம்மவர்கள் காலத்தை விற்பதற்காக வாங்கியவர்கள்.

இனி, எண்களுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் யந்திரத்தின் பிறப்புக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில், அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து டிராவர்ஸ் ஸிட்டி என்ற சிற்றூரில், ஜான் பார்ஸன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர்களின் இறக்கைகளைச் செய்துகொண்டிருந்தார். கல்லூரிப் படிப்பு இல்லாதவர், பட்டறையிலேயே வளர்ந்தவர். இறக்கையின் குறுக்குவெட்டு உருவம் மீனின் உடலைப்போல ஒருபுறம் பருத்து மறுபுறம் ஒடுங்கி வளைந்து செல்வது. அதைச் சரிபார்க்கும் அச்சுத் தகட்டைச் செய்வதற்கு ஸிகோர்ஸ்கி கம்பெனியார் கொடுத்தவை பதினேழு புள்ளிகள் மட்டுமே. அந்தப் புள்ளிகளுக்கு இடையே வளைகோல் வைத்துக் கோடு இழுப்பவன் கையைப் பொறுத்து உருவம் மாறிக்கொண்டே இருந்தது. பார்ஸன்ஸிடம் வேலைக்கு வந்த ஃபிராங்க் ஸ்டூலன் என்ற எஞ்சினியர், கணக்குப்பிள்ளைகள் உபயோகிக்கும் துளை அட்டை யந்திரத்தைக்கொண்டு அதே வளைவில் இருநூறு புள்ளிகளின் அளவுகளைக் கணக்கிட்டுத் தந்தார்.

அடுத்து நடந்ததைச் சற்று நின்று பார்க்கவேண்டும். சுழலும் வெட்டுளியால் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் யந்திரத்தின் முன் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் பட்டியலில் உள்ள எண்களை உரக்க வாசித்தார். ஒருவர் நீளவாட்டுச் சக்கரத்தையும் மற்றொருவர் குறுக்குவாட்டுச் சக்கரத்தையும் அந்த எண் வரும்வரை சுற்றினார்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில் வெட்டுளியை இறக்கி ஒரு குழி போட்டார்கள். பிறகு அடுத்த இரண்டு எண்கள். இப்படி இருநூறு குழிகள் நெருங்கி விழுந்தபின், அவற்றுக்கு இடையே எஞ்சிய முகடுகளை அரத்தால் ராவிவிட்டால், எவர் கையின் சாயலும் படாத வளைவு கிடைத்தது. பின்னால் உலகத்தையே மாற்றிய ஒரு யந்திரத்தின் முதல் வடிவம், வாசிப்பவர் ஒருவரும் சுற்றுபவர் இருவருமாக மூன்று மனிதர்களால் ஆகியிருந்தது என்பதை எண்ணும்போது, கயிறு இழுப்பவரும் உளி பிடிப்பவருமாக இருவர் சேர்ந்து நடத்திய நம் பழைய கடைசல் நினைவுக்கு வருவது இயல்பே. இந்த மூவரின் இடத்தில் ஓர் அட்டையையும் இரண்டு மோட்டார்களையும் வைத்துவிடலாமே என்பதுதான் பார்ஸன்ஸின் யோசனை.

1949-இல் அமெரிக்க விமானப்படை அந்த யோசனைக்குப் பணம் கொடுத்தது. வேகமாகப் பறக்கும் விமானங்களின் சிறகுகளை முழு அலுமினியக் கட்டியிலிருந்தே குடைந்து எடுக்கவேண்டிய நிர்ப்பந்தம் அதற்கு இருந்தது. பார்ஸன்ஸ் உதவி நாடிய மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சிசாலையார், யுத்தகாலத்தில் பீரங்கிகளைத் தானே குறிபார்க்கச் செய்த அநுபவசாலிகள். அவர்கள் குழிகளோடு திருப்தியடையாமல், வெட்டுளி ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்கு இடைவிடாது நகர்ந்து செல்லவேண்டும் என்று முயன்று, காரியத்தைத் தம் கைக்கே எடுத்துக்கொண்டார்கள். 1952-இல் ஸின்ஸினாட்டி கம்பெனியின் பெரிய மில்லிங் யந்திரம் ஒன்றைத் துளையிட்ட காகித நாடாவைக்கொண்டு அவர்கள் ஓட்டிக் காட்டியபோது, அதன் மூளையாக அமைந்த நூற்றுக்கணக்கான வால்வுகளும் ரிலேக்களும் ஒரு வீட்டின் கூடத்தை அடைத்துக்கொள்ளத் தக்க அலமாரிகளில் நின்றன. எந்தத் தனி முதலாளியும் அதை வாங்க முன்வரவில்லை. விமானப்படையே வாங்கித் தன் ஒப்பந்தக் கம்பெனிகளின் பட்டறைகளில் நிறுத்தியது. 1959 பெப்ரவரியில், அந்த யந்திரங்களுக்கு எழுத்து மூலமாகக் கட்டளையிடும் ஏ.பி.டி. என்ற மொழியைப் பத்திரிகைக்காரர்களுக்கு அறிமுகம் செய்தபோது, வந்தவர் ஒவ்வொருவருக்கும் யந்திரத்தால் வெட்டிய ஓர் அலுமினியச் சாம்பல் தட்டை நினைவுப் பொருளாகக் கொடுத்தார்கள். சாம்பல் தட்டு செய்வதற்கு அவ்வளவு யந்திரம் எதற்கு என்று எவரேனும் கேட்டிருந்தால், அது அந்தக் கூட்டத்திலேயே சிறந்த கேள்வியாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் பிரிந்துபோன மற்றொரு பாதையைப் பற்றியும் சொல்லவேண்டும். 1940-களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் வேறு விதமாக முயன்றார்கள்: கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் முதல் உருப்படியைத் தம் கையால் கடைந்து முடிக்க, அவர் சக்கரங்களைச் சுற்றிய அசைவுகள் எல்லாம் காந்த நாடாவில் பதிவாகும், அந்த நாடாவை மறுபடி ஓட்டினால் யந்திரம் அதே உருப்படியைத் தானே கடையும். கணிதப் புலமையோ பெரிய கணிப்பொறியோ இதற்கு வேண்டியதில்லை. சிறிய பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அது நிலைபெறவில்லை. டேவிட் நோபிள் என்ற சரித்திராசிரியர் 1984-இல் வெளியிட்ட தம் நூலில், இதற்குத் தொழில்நுட்பக் காரணத்தைவிட அதிகாரக் காரணமே பெரிது என்று வாதிக்கிறார்: பதிவு முறையில் வேலையின் ரகசியம் தொழிலாளியிடமே தங்கிவிடும்; எண் முறையில் அது நிர்வாகத்தின் அறைக்குப் போய்விடும்; நிர்வாகத்தார் விரும்பியது இரண்டாவதையே. விமானங்களின் சிக்கலான வளைவுகளை எந்தக் கையாலும் முதல் முறை கடைந்து பதிவு செய்துவிட முடியாது என்பதையும் நாம் மறந்துவிடலாகாதாகையால், நோபிளின் வாதத்தை முழுமையும் ஒப்புக்கொள்வதற்கில்லை. எனினும், வேலையை எழுதுபவர் ஓர் அறையிலும் செய்பவர் மற்றோர் அறையிலும் இருக்கவேண்டும் என்ற அமைப்பு அந்த யந்திரத்தின் பிறவியிலேயே படிந்திருந்தது என்பதில் சந்தேகமில்லை. வீட்டுப் பட்டறையிலோ இருப்பது ஓர் அறை, பெரும்பாலும் ஒரே மனிதர்.

அந்தப் பிறவிக் குணத்தை மாற்றியவர்கள் ஜப்பானியர்கள். ஃபூஜித்ஸு கம்பெனியில் இனாபா ஸெயுவெமோன் என்ற எஞ்சினியரின் தலைமையில் 1956-இல் தொடங்கிய சிறு குழு, 1972-இல் ஃபேனக் என்ற தனி ஸ்தாபனமாகப் பிரிந்தது. இன்று நம் ஊர்ப் பட்டறைகளிலும் யந்திரத்தின் மஞ்சள் நிறத் தட்டில் காணப்படும் பெயர் அதுவே. 1971-இல், ஒரு ஜப்பானியக் கால்குலேட்டர் கம்பெனியின் ஆர்டருக்காக அமெரிக்காவின் இன்டெல் கம்பெனியார் செய்த நகத்தளவு மின்துண்டிலிருந்து வளர்ந்த நுண்செயலிகள், கூடத்தை அடைத்த அலமாரிகளை ஒரு டிரங்குப் பெட்டியளவுக்குச் சுருக்கிவிட்டன. நாடா ஓட்டும் யந்திரம் கம்ப்யூட்டர் ஓட்டும் யந்திரமாக மாறியபோது, வெட்டும் இடத்திலேயே நின்று கட்டளையைத் திருத்தலாம் என்ற சௌகரியம் பிறந்தது. 1981-இல் யமஸாகி கம்பெனியார் வெளியிட்ட மஸட்ரோல் என்ற ஏற்பாட்டில், லேத்துக்காரர் வரைபடத்தில் உள்ள விட்டத்தையும் நீளத்தையும் யந்திரம் கேட்கக் கேட்கத் தட்டிக்கொண்டே போனால் போதும். கணித மொழி எதுவும் அறிய வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே உலகத்தில் மிக அதிகமாகப் பட்டறை யந்திரங்களைச் செய்யும் நாடு என்ற ஸ்தானத்தை அமெரிக்காவிடமிருந்து ஜப்பான் பெற்றுவிட்டது.

அந்த யந்திரங்களை வாங்கியவர்கள் யார் என்பதுதான் நமக்கு முக்கியம். டோக்கியோவின் தென்கோடியில் உள்ள ஓதா என்னும் பகுதியில் 1983-ஆம் ஆண்டில் 9,000-க்கு மேற்பட்ட பட்டறைகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பத்துப் பேருக்குக் குறைவான ஆட்களோடு நடந்தவை. கீழே பட்டறை, மேலே குடித்தனம். அந்தப் பகுதியில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் உச்சியிலிருந்து வரைபடத்தைக் காகித விமானமாகச் செய்து பறக்கவிட்டால், சில நாட்களில் அது உருப்படியாகத் திரும்பி வரும் என்று ஜப்பானியர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். நாகானோ பிரதேசத்து மலைகளுக்கிடையே உள்ள ஸகாகி என்ற சிற்றூரிலோ, பட்டுப்பூச்சி வளர்த்தும் பழத்தோட்டம் வைத்தும் வாழ்ந்த குடும்பங்கள் தங்கள் வீட்டோடு ஒட்டிய கொட்டகைகளில் எண் யந்திரங்களை நிறுத்தி, பெரிய நகரங்களும் பொறாமைப்படும் அளவுக்குத் தொழிலை வளர்த்தன. இவர்கள் வாங்கியதன் காரணம் ஆட்களைக் குறைப்பது என்பதைக் காட்டிலும், ஒரு வேலையிலிருந்து வேறொரு வேலைக்கு விரைவாக மாறிக்கொள்வது என்பதே. விமானப்படைக்காகப் பிறந்த யந்திரத்துக்குள் வீட்டுக்கு ஏற்ற குணம் ஒன்று ஒளிந்திருந்தது. அதைக் கண்டெடுக்க, வரைபடம் படிக்கவும் உளி தீட்டவும் தெரிந்த சொந்தக்காரரே யந்திரத்தின் முன் நிற்கவேண்டியிருந்தது.

கோயம்புத்தூரின் கதைக்கு வேர் பஞ்சிலும் கிணற்றிலும் இருக்கிறது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலியோர் முயற்சியால் முதல் நூற்பு மில் ஏற்பட்டது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்து சேர்ந்ததும் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மில்களுக்கு வேண்டிய உதிரிப் பாகங்கள் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில் உள்ளூர்க் கடைசல்காரருக்குக் கிடைத்தது பழுது பார்க்கும் வேலை மட்டுமே. இரண்டாம் உலக யுத்தத்தில் கப்பல் நின்றவுடன், பழுது பார்த்தவர்களே பாகங்களைச் செய்பவர்கள் ஆனார்கள். மழை மறைவுப் பிரதேசமாகிய அந்த ஜில்லாவில் கிணறுகள் ஆழமானவை. கமலை இறைத்த மாடுகள் ஓய்வு பெற்று மோட்டார் பம்புகள் வந்தன. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்சார மோட்டாரைச் செய்து காட்டியதற்குப் பிறகு, பம்பின் ஷாஃப்டும், புஷ்ஷும், இம்பெல்லரும் கடைவதற்கென்றே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் லேத் போட்டன. 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பள்ளியிலும், மில் பட்டறைகளிலும், ஜி.டி. நாயுடுவின் ஸ்தாபனங்களிலும் தொழில் கற்றவர்கள், கற்ற இடத்தைவிட்டு வெளியே வந்து ஒரு லேத்தைக் கடனில் வாங்கி வீட்டு முன்கட்டில் போடுவதென்பது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. 1969-இல் சிறுதொழிலதிபர்கள் கொடிசியா என்ற சங்கத்தை அமைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் தொகை பெருகியிருந்தது.

அந்த முன்கட்டுப் பட்டறையை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் பொருளாதாரம் விளங்கும். பட்டாலாவிலோ ராஜ்கோட்டிலோ செய்த ஒரு லேத். அதன் படுகையில் எண்ணெயும் கரியும் கலந்து பல்லாண்டுகளாக ஏறிய கறுப்பு. கீழே தட்டில் நீலம் பாய்ந்த இரும்புச் சுருள். கம்பெனிக்காரர் இரும்பையும் வரைபடத்தையும் கொடுத்துவிட்டுப் போவார்; பட்டறைக்காரர் கடைந்து கொடுத்து உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்; இதற்கு ஜாப் ஆர்டர் என்று பெயர். கணவர் லேத்தில் நிற்க, மனைவி கடைந்த பொருளின் பிசிரை அரத்தால் எடுத்து, எண்ணி, எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொள்வான். வாடகை இல்லை, மேற்பார்வைக்குச் சம்பளம் இல்லை, சோற்று வேளைக்கு யந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போய் வரலாம். இந்தக் கணக்கில் எழுதப்படாத தொகைகள் பல இருப்பதனாலேயே அந்தப் பட்டறை பெரிய தொழிற்சாலையைவிடக் குறைந்த கூலிக்கு வேலை எடுக்க முடிந்தது.

சி.என்.சி. யந்திரம் முதலில் இந்த நகரத்தின் பெரிய ஆலைகளுக்கே வந்தது. 1962-இல் மில் யந்திரங்கள் செய்வதற்காக ஏற்பட்ட லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ், 1980-களின் பிற்பகுதியில் சி.என்.சி. லேத்துகளையே தயாரிக்கத் தொடங்கிற்று. பிறகு, கார்களுக்கும் பம்புகளுக்கும் பாகம் வாங்குகிறவர்கள், ஆயிரம் உருப்படியிலும் ஒரே அளவு இருக்கவேண்டும் என்றும், அளந்த குறிப்பை எழுதித் தரவேண்டும் என்றும் கேட்கத் தொடங்கியபோது, முன்கட்டுப் பட்டறைகள் இரண்டு விதமாகப் பிரிந்தன. துணிந்து வாங்கியவர்களில் ஒரு பகுதியார் தழைத்து, வீட்டைவிட்டு வெளியேறித் தனியிடம் அமைத்துக்கொண்டார்கள். மற்றொரு பகுதியார் யந்திரத்துக்குத் தீனி போட முடியாமல் தவித்தார்கள். ஏனெனில், பழைய லேத் வேலை இல்லாத நாளில் சும்மா நிற்கும், வங்கித் தவணையோடு வந்த யந்திரம் சும்மா நிற்கும் நாளிலும் வட்டி தின்னும். 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாடு கண்ட கடும் மின்வெட்டு இந்தப் பேதத்தை நன்றாக எடுத்துக் காட்டிற்று. பாதி வெட்டில் மின்சாரம் போனால் கைலேத்துக்காரர் உளியைப் பின்வாங்கி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்; சி.என்.சி.யிலோ உளியின் முனை முறிந்து, உருப்படியும் கெட்டு, யந்திரத்தை அதன் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய் மறுபடி தொடங்கவேண்டிவரும்.

மேல்நாட்டுத் தோட்டத்துக் கொட்டகைகளுக்கு சி.என்.சி. போன வழி முற்றிலும் வேறு. ஆஸ்திரியாவின் எம்கோ கம்பெனியார் 1980-களில் தொழிற்பள்ளி மாணவர்களின் பயிற்சிக்காக மேஜைமீது வைக்கத்தக்க சிறிய சி.என்.சி. லேத் ஒன்றைச் செய்தார்கள். பாட்டுக் கேட்கும் கேஸட் நாடாவிலே அதன் கட்டளைகளைச் சேமித்து வைக்கலாம். பள்ளிகள் கழித்துத் தள்ளிய அத்தகைய யந்திரங்கள் பொழுதுபோக்குக்காரர் கைக்கு வந்தன. அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய ஸ்தாபனம் 1990-களில் ஆராய்ச்சிக்காக எழுதிய யந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள், அரசாங்கச் சொத்தாகையால் எவர்க்கும் இலவசம் என்றாயிற்று. தொண்டர்கள் அதை வளர்த்து லினக்ஸ் சி.என்.சி. என்ற பெயரில் இன்றும் பராமரித்து வருகிறார்கள். விமானப்படையின் பணத்தில் தொடங்கிய ஒன்று, அரை நூற்றாண்டு சென்றபின், பழைய கம்ப்யூட்டரும் படிமோட்டாரும் வைத்திருந்த எவரும் கொட்டகையில் ஓட்டத்தக்கதாக வந்து முடிந்தது. அங்கே ஒரு கனவான் மூன்று மாதம் மெனக்கெட்டுத் தம் மைஃபோர்டு லேத்துக்கு மோட்டார் பூட்டினால், அந்த மூன்று மாதமும் அவருக்குக் கிடைத்த லாபம். நம்மவருக்கு அது மூன்று மாதக் கூலி நஷ்டம்.

பழைய லேத்துக்கே மோட்டாரும் கம்ப்யூட்டரும் பூட்டிக்கொண்டால் என்ன என்று நம்மவர்களும் கேட்பதுண்டாகையால், அதன் இடையூற்றைச் சொல்வது நியாயம். நாள்பட்ட லேத்தின் திருகுக்கும் மரைக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்கும். பட்டறையில் அதைப் பிளே என்பார்கள். கைப்பழக்கம் உள்ளவர் சக்கரத்தைப் பின்னுக்குச் சுற்றும்போது கால் சுற்று வெறுமனே போவதை விரலாலேயே உணர்ந்து, எப்பொழுதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்து சேருவார். கம்ப்யூட்டருக்கு விரல் கிடையாது. பின்னுக்கு வா என்றால் வந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்ளும், உளியோ நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்காகவே சி.என்.சி. யந்திரங்களில் இடைவெளியற்ற பால் ஸ்க்ரூ என்னும் குண்டுத் திருகைப் பொருத்துகிறார்கள். திருகை மாற்றினால் படுகையின் தேய்மானம் தெரியவரும். படுகையைத் தீட்டினால் தலைப்பகுதியின் பேரிங் ஆடுவது தெரியவரும். கடைசியில், பழைய லேத்தில் எஞ்சியது அதன் காலும் பெயர்ப்பலகையுமே என்ற நிலையில் வந்து நிற்கும்.

புதிய யந்திரத்தைப் பொறுத்தவரை, பட்டறைக்காரர்கள் செட்டிங் என்று சொல்லும் காரியத்திலேயே லாப நஷ்டம் அடங்கியிருக்கிறது. உருப்படியைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் தாடைகளை அதற்கு ஏற்பக் கடைந்து பொருத்துவது, உளிகளை வரிசையாக மாட்டி ஒவ்வொன்றின் முனை எங்கே இருக்கிறது என்பதை யந்திரத்துக்கு அறிவிப்பது, கட்டளைகளை எழுதிக் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது, முதல் உருப்படியை வெட்டி அளந்து திருத்துவது ஆகிய இவ்வளவும் முடிவதற்குள் அரை நாள் போய்விடக்கூடும். அதன்பிறகு ஓர் உருப்படிக்கு இரண்டு நிமிஷம். ஐந்நூறு உருப்படி வேண்டியிருந்தால் அந்த அரை நாள் ஒரு பொருட்டல்ல. தோட்டத்துக்காரர் ஒருவர் சாயங்காலம் தேய்ந்துபோன ஷாஃப்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, ராத்திரிக்குள் தண்ணீர் பாய்ச்சவேண்டும் என்று நின்றால், கைலேத்தைத் தவிர வேறு கதியில்லை. சி.என்.சி. வாங்கியவர்களிலும் அநேகர் பழைய லேத்தை விற்காமல் ஓரத்தில் நிறுத்தி வைத்திருப்பதற்கு இதுவே காரணம். ஒன்றே ஒன்றானாலும் கையால் கடைய முடியாத வளைவு உடைய பொருளுக்கோ எண் யந்திரந்தான் வேண்டும். அது பார்ஸன்ஸின் ஹெலிகாப்டர் இறக்கை கொடுத்த பாடம்.

ஆகையால், யந்திரம் வாங்க நினைப்பவர் முதலில் எடுத்துப் பார்க்கவேண்டியது கம்பெனிக்காரரின் வர்ணப் படப் புத்தகத்தை அன்று. தம்முடைய பில் புத்தகத்தை. சென்ற ஓராண்டில் திரும்பத் திரும்ப வந்த வேலைகள் எவை, அவை ஒவ்வொரு தடவையும் எத்தனை உருப்படி, ஒன்றும் இரண்டுமாக வந்தவை எவை என்று பிரித்தெழுதி, முதல் வகையின் கூலி மட்டுமே தவணையைத் தாங்குமா என்று பார்ப்பது நலம். வரப்போகிறது என்று பிறர் சொல்லும் ஆர்டரை இந்தப் பட்டியலில் சேர்த்தல் ஆகாது. தரையில் அவ்வளவு எடையைத் தாங்கும் கான்கிரீட் உண்டா, சந்துக்குள் கிரேன் திரும்புமா, மூன்று ஃபேஸ் இணைப்பின் பளு போதுமா, பக்கத்து வீட்டார் இரவு ஷிப்டைப் பொறுப்பார்களா என்பவையும் வீட்டுப் பட்டறைக்கே உரிய கேள்விகள். கட்டளை எழுதுவதற்கு வெளியாளை நம்பியிராமல் குடும்பத்தில் ஒருவரேனும் அதைக் கற்றிருக்கவேண்டும். வெளியாள் வரும்வரை யந்திரம் நின்றால், டிராவர்ஸ் ஸிட்டியில் எண் வாசித்தவர் விடுமுறையில் போயிருந்தால் எப்படியோ அப்படியாகிவிடும். கண்காட்சிகளில் விற்பனையாளர்கள் சதுரங்கக் காய்களையும் அலங்காரக் கிண்ணங்களையும் வெட்டிக் காட்டுவார்கள். அவை அந்தப் பழைய அலுமினியச் சாம்பல் தட்டின் சந்ததியைச் சேர்ந்தவை. அவற்றை மெச்சிவிட்டு, தம் பட்டறையில் அதிகமாக ஓடும் உருப்படி ஒன்றின் வரைபடத்தையும் பத்து இரும்புத் துண்டுகளையும் எடுத்துக் கொடுத்து, தாடை மாட்டுவது முதல் பத்தாவது உருப்படியை அளந்து ஒப்புக்கொள்வது வரை முழுவதையும் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லி, அதுவரை வேறு பேச்சுக் கொடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.